கேட்க யாரும் வராத துட்டி

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 39 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கம். வேலை பெங்களூரில். 2021 ஏப்ரல் கடைசியில் கர்நாடகாவில் ஊரடங்கு என்று அறிவித்ததும் அம்மா போன் செய்து "அங்கே கிடந்து என்ன செய்யப்போகிறாய், வந்துவிடு" என்றார்கள். 27ஆம் தேதி நண்பர்களோடு காரில் கிளம்பி இரவுக்குள் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாளில் எனக்குத் தொண்டை கரகரத்தது. வீட்டில் அப்போது வாழைத்தார் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மே 2, தேர்தல் முடிவு வந்த அன்று, அப்பாவுக்குக் காய்ச்சல். அவருக்கு 66 வயது, சர்க்கரை நோய் உண்டு. 7ஆம் தேதி ஆக்சிஜன் அளவு 86 என்று காட்டியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 19ஆம் தேதி போய்விட்டார்.

அம்மாவுக்கும் தொற்று. வீட்டை விட்டு வர முடியவில்லை. அக்கா தென்காசியில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் மாமியார் வீட்டில் அனுப்பவில்லை. பிணவறையில் ஊழியர் ஒருவர் ஜிப்பைக் கழுத்துவரை இறக்கி முகத்தைக் காட்டினார். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தடம் இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். மின்மயானத்தில் நானும் சித்தப்பா மகனும் மட்டும். சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினாறாம் நாள் அக்கா போனில் "நீ வராமல் இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார்" என்றாள். அதன் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. (அப்பா ஏப்ரலில் ஊசி போடக் கிளம்பியபோது, நடிகர் விவேக் இறந்த செய்தியைச் சொல்லி, கொஞ்சம் பொறுங்கள் என்றவள் அவள்தான்.) அம்மா எப்போதாவது "அது அப்பாதானா, நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்பார்கள். சில நேரம் "வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம்" என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். பொங்கலுக்கு ஒரு பகல் மட்டும் ஊருக்குப் போவேன், இரவு தங்குவதில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வந்து தர்ப்பணம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமலே பஸ் ஏறிவிடுகிறேன். அரசு கொடுத்த ஐம்பதாயிரம் அம்மா கணக்கில் அப்படியே கிடக்கிறது. அப்பாவின் போன் எண்ணுக்கு நான் இன்னும் ரீசார்ஜ் செய்கிறேன். அவருக்குப் பதிலாக நான் போயிருக்கலாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

இந்த வைகாசியோடு ஐந்து ஆண்டுகள். என்னால்தான் அப்பா இறந்தாரா? அம்மாவிடமும் அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டால் இது தீருமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சுற்றி வளைத்தால் மீதியை நீங்கள் படிக்கமாட்டீர்கள்.

உங்களிடமிருந்து தொற்றியிருக்கலாம். நாள் கணக்கு பொருந்துகிறது. அந்த இரண்டாம் அலையில் பரவிய டெல்டா வகை, உடம்புக்குள் போய் ஏறக்குறைய நான்கு நாளில் அறிகுறி காட்டியது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவவும் செய்தது. "உன்னால் இல்லவே இல்லை" என்று நண்பர்கள் பலமுறை சொல்லியிருப்பார்கள், நீங்களும் ஒருமுறைகூட நம்பியிருக்கமாட்டீர்கள். எனவே அந்த ஆறுதலை நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அதே நாள் கணக்கு வேறு பலருக்கும் பொருந்துகிறது. அந்த வாரம் உங்கள் வீட்டில் தார் வெட்டு. வெட்டுகிற ஆட்கள், சுமக்கிறவர்கள், லாரிக்காரர், விலை பேச வந்த வியாபாரி என்று எத்தனை பேர் உங்கள் அப்பாவோடு நின்று பேசியிருப்பார்கள்? வாழை விவசாயி தார் வெட்டு நாளில் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பாரா? டீக்கடை வேறு. அந்த மே மாதம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று உறுதியானது. பரிசோதனைக்கே வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வைரஸின் மரபணு வரிசையை எடுத்துப் பார்த்திருந்தால்கூட, ஒரே ஊரில் ஒரே வாரத்தில் பரவிய தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று உறுதியாகச் சொல்வது கடினம். உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி எடுக்கவும் இல்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு இனி விடை வராது. இன்னும் இருபது ஆண்டு யோசித்தாலும் வராது.

காரணமாக இருப்பது வேறு, குற்றம் செய்வது வேறு. நீங்கள் தொற்று இருப்பது தெரிந்து வந்தீர்களா? இல்லை. அம்மா கூப்பிட்டார்கள், வந்தீர்கள். ஊரடங்கில் பிள்ளை வெளியூரில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அந்த மாதத்தில் எத்தனையோ தாய்மார்கள் போன் செய்தார்கள். வந்த பிள்ளைகளில் பலருடைய வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் உங்களைவிடப் பொறுப்பானவர்களாக நடந்துகொண்டார்கள் என்று நினைக்கிறீர்களா? தொற்று உங்களிடமிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்கிற இந்த நிச்சயமின்மையோடுதான் நீங்கள் இருந்தாக வேண்டும். அது பாரம்தான். ஆனால் தண்டனை அனுபவிக்கிற பாரம் இல்லை.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் விசாரணைக் குழு பிறகு சொன்னது, ஆனால் அந்த ஏப்ரலில் நம் பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சு எழுப்பிய பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. உங்கள் அக்கா ஒருத்தி மட்டும் அப்பாவைப் பொறுக்கச் சொல்லவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள்: அப்பாவை ஊசி போடவிடாமல் நிறுத்தியவள், கடைசி முகத்தையும் பார்க்க முடியாதவள், பதினாறாம் நாள் போனை எடுத்து "நீ வராமல் இருந்திருந்தால்" என்கிறாள். அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? என் அனுபவத்தில், துக்க வீட்டில் குற்றம் சாட்டுகிறவருடைய குரல் எவ்வளவு ஓங்கியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அவர் தனக்குள் ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் "வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம்" என்பதும் அதுவேதான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால்தான் போனார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆக, ஒரே மரணத்துக்கு உங்கள் வீட்டில் மூன்று குற்றவாளிகள், மூவரும் தனித்தனியாகத் தண்டனை அனுபவிக்கிறீர்கள், ஒருவருக்கும் அடுத்தவருடைய வழக்கு தெரியாது.

மருத்துவராக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். அப்பா ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் முதல் ஊசி போட்டிருந்தாலும், மே முதல் நாளுக்குள் அது முழுப் பலனைத் தந்திருக்காது. டெல்டாவுக்கு எதிரே ஒரு ஊசியின் காப்பு குறைவு. அதேபோல, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நோய் அது. 86 காட்டிய மனிதரை வீட்டில் வைத்திருந்தால் மூச்சுத்திணறலை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள், அவ்வளவே வித்தியாசம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்காக இருக்கிற இஸ்ரோ வளாகத்திலிருந்து திரவ ஆக்சிஜன் டேங்கர் லாரியில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த காலம் அது, மறந்துவிட வேண்டாம். அந்த ஆக்சிஜன் வீட்டுக்கு வந்திருக்காது.

இந்த இரண்டையும் அக்காவிடமும் அம்மாவிடமும் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். முக்கியமாக, ஊசிப் பேச்சை ஒருபோதும் நீங்கள் எடுக்கக் கூடாது. ஐந்து ஆண்டாக அதை நீங்கள் பதிலுக்கு வீசவில்லை என்பதைக் கவனித்தேன். அது சாதாரண விஷயம் இல்லை.

மன்னிப்புக் கேட்டால் தீருமா என்கிறீர்கள். தீராது என்பது என் எண்ணம். மன்னிப்புக் கேட்டால் அக்கா ஒன்று மன்னிக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். இரண்டிலும் நீங்கள்தான் குற்றவாளி என்பது உறுதியாகிவிடும், விடை தெரியாத கேள்விக்கு விடை எழுதினது போலாகும். அம்மா பாடு இன்னும் மோசம். "வந்துவிடு" என்று கூப்பிட்டது யார்? நீங்கள் வந்ததைக் குற்றமாக ஒப்புக்கொண்ட நிமிடமே, கூப்பிட்டதும் குற்றமாகிவிடும்.

உங்கள் வீட்டில் நடக்காமல் போனது வேறொன்று. நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? நீர்மாலை எடுப்பது, கோடித்துணி, வாய்க்கரிசி எல்லாம் இருக்கட்டும். நான் சொல்வது அதற்குப் பிறகு, பந்தலில் பெஞ்சு போட்டு, கடுங்காப்பி கொடுத்து, பதினாறு நாளும் ஆட்கள் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்துகொண்டே இருப்பது. வருகிற ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். என்ன செய்தது, என்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது, கடைசியாக என்ன பேசினார், யார் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்காரர்கள் அலுக்காமல் முதலிலிருந்து சொல்வார்கள். முதல் நாள் சொல்லும்போது பாதியில் குரல் உடையும். ஐந்தாம் நாள் முழுதாகச் சொல்லிவிடுவார்கள். பத்தாம் நாள், "அன்றைக்கு அவர் இட்லி கேட்டாரே" என்று இன்னொருவர் இடையில் சேர்த்துக்கொள்வார். கருமாதிக்குள் அந்த மரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் சொல்லக்கூடிய ஒரு கதையாகியிருக்கும். "இவர்களுக்கு வேலை இல்லை, சும்மா கேட்டுக் கேட்டு அழவைக்கிறார்கள்" என்று படித்தவர்கள் சலித்துக்கொள்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நீடித்த துக்கத்துக்கு இன்று உலகம் முழுவதும் செய்யப்படுகிற பேச்சு சிகிச்சையில் ஒரு முக்கியப் பகுதி என்ன தெரியுமா? மரணச் செய்தி வந்த நேரத்தை நோயாளி முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த சந்திப்பில் மறுபடியும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நம் பெஞ்சில் காசில்லாமல் நடந்தது, அங்கே கட்டணத்துக்கு நடக்கிறது.

2021 மே மாதத்தில் அந்தப் பெஞ்சு இல்லை. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையத்தில் பதிய வேண்டும். தென்காசி தனி மாவட்டமாகி அப்போது ஒன்றரை ஆண்டுதான். அதுவரை ஒரே மாவட்டத்துக்குள் பஸ் ஏறி வந்து அழுதுவிட்டுப் போனவர்களுக்கு நடுவில் எல்லை வந்துவிட்டது. 2020லும் 2021லும் ஓடாமல் நின்ற நெல்லையப்பர் ஆனித் தேர் 2022இல் ஓடியது. ஊர் தன் பாக்கியை வடம் பிடித்துத் தீர்த்துக்கொண்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனமும் அவசரநிலை முடிந்தது என்றது. அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் வழக்கத்துக்கு மேல் இறந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் பேர். அத்தனை வீடுகளில் எத்தனை வீடு துட்டி கேட்கப்படாத வீடு என்று யாரும் எண்ணவில்லை.

உங்கள் வீட்டில் இதில் இன்னொரு சிக்கல். சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நீங்கள், முகத்தைப் பார்த்தது நீங்கள், சாம்பலை வாங்கியது நீங்கள். அம்மா "நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்பது சந்தேகத்தால் இல்லை. துட்டி கேட்க வந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை, வந்தவர் யாரும் இல்லாததால், அவர்களே கேட்கிறார்கள். நீங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள். அவர்களுக்கு உங்கள் மன்னிப்பு தேவைப்படவில்லை, தம்பி. நீங்கள் பார்த்தது தேவைப்படுகிறது.

அந்த மூக்குத் தடத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்களுக்கு அது கொடுமையான காட்சி. ஆனால் நான் அதைப் படித்தபோது வேறொன்றைப் பார்த்தேன். ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுக்கிற மாஸ்க், காற்று கசியாமல் மூக்குத்தண்டில் இறுக்கமாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும். தடம் விழுகிற அளவுக்கு அதை யாரோ பொருத்தியிருக்கிறார்கள், நழுவியபோதெல்லாம் சரிசெய்திருக்கிறார்கள். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். அப்பாவைக் கேட்பாரற்றுப் போட்டுவிட்டார்களோ என்ற பயம் அம்மாவுக்கு இருந்தால் (பெரும்பாலும் இருக்கும்) அது அப்படியில்லை என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அந்தத் தடம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வைகாசிக்கு முன்பே ஊருக்குப் போங்கள், இரவு தங்குங்கள். முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு அம்மா ஓய்ந்து உட்காரும் நேரம் பார்த்து, "அப்பாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? நான் எதையும் சரியாகச் சொல்லவே இல்லையே" என்று கேளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மே 2இலிருந்து வரிசையாகச் சொல்வது நல்லது. ஆனால் அவர்கள் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். "தூங்குவதுபோல நிம்மதியாகப் போனார்" என்றெல்லாம் கட்டாதீர்கள். நீங்கள் வார்டுக்குள் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் மீதி உண்மையும் போய்விடும். மறுநாள் மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் சொல்லுங்கள். அழுவார்கள். நீங்களும் அழுவீர்கள். அழுகிறார்களே என்று நிறுத்த வேண்டியதில்லை.

அக்காவுக்கு நீளமாக எதுவும் எழுத வேண்டாம். "அப்பா கடைசியில் எப்படி இருந்தார் என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை, சொல்ல வருகிறேன்" என்று ஒரு வரி போதும். பழைய பேச்சை அவள் எடுத்தால், "இருந்திருக்கலாம் அக்கா, எனக்கும் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம். வரவேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அம்மாவிடம் நீங்கள் சொன்னது அவள் காதுக்குப் போகும், அது எப்படியும் போய்விடும்.

திவசத்தின்போது, அன்றைக்கு வர முடியாமல் போன உறவுக்காரர்களை அழைக்கலாம். நாள் கடந்து என்ன சடங்கு செய்யலாம் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லட்டும், அது என் துறை இல்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்கட்டும் என்பதே என் கோரிக்கை. செலவுக்கு அந்த ஐம்பதாயிரத்தை எடுக்கலாமே என்று மட்டும் நீங்கள் யோசனை சொல்லிவிடாதீர்கள். அது அம்மாவின் பணம். அதைத் தொடாமல் வைத்திருப்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

போனுக்கு ரீசார்ஜ் செய்வது பைத்தியக்காரத்தனம் இல்லை. விரும்புகிறவரை செய்யுங்கள். அதில் அப்பாவின் குரல் பதிவுகள் இருந்தால் இன்றே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பழைய பேட்டரி சொல்லிக்கொண்டு சாகாது.

உங்களைப் பற்றி. அன்புக்குரியவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஏக்கமும் குற்றவுணர்வும் அன்றாட வாழ்க்கையைப் பிடித்து வைத்திருந்தால், நினைவூட்டுகிற இடங்களைத் தவிர்த்துக்கொண்டே இருந்தால், அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். 2022இலிருந்து மருத்துவ வகைப்பாட்டு நூல்களில் அது தனி நோயாக இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தைப் பார்த்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாபநாசம்வரை வந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறுகிறவர் ஒரு மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. இங்கே பார்க்க நினைத்தால் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை மட்டும் போதும் என்று யாராவது அனுப்பிவிட்டால் ஏற்காதீர்கள். கூடவே மனச்சோர்வு இருந்தால் மாத்திரை அதற்கு உதவும், துக்கத்துக்குப் பேச்சு சிகிச்சைதான் வேண்டும்.

"அவருக்குப் பதிலாக நான் போயிருக்கலாம்" என்பது துக்கத்தில் பலருக்கும் வருகிற நினைப்பு. அது "நானும் போய்விடலாம்" என்று ஒரு நாள் மாறினால், காலைவரை காத்திருக்காதீர்கள். 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்தில் இருக்கிற நண்பர் ஒருவரையும் அந்த நேரத்திலேயே எழுப்புங்கள்.

ஊருக்குப் போகத் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பீர்கள் என்று தெரியும். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு பஸ் ஏறுவதாக எடுக்காதீர்கள். இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்கு எடுங்கள்.